மிடில் ஈஸ்ட், மேற்கு ஆசியா, வளைகுடா: எந்தப் பெயரை எங்கே எழுதுவது?

சென்னையிலிருந்து துபாய்க்குக் கிளம்பும் விமானம் அரபிக்கடலின் மேல் வடமேற்காகப் பறக்கிறது. அது போய் இறங்கும் நிலப்பகுதியை ஆங்கிலத்தில் 'மிடில் ஈஸ்ட்' என்கிறார்கள். தமிழில் அதையே 'மத்திய கிழக்கு' என்று எழுதுகிறோம். நமக்கு மேற்கே இருக்கும் நாடுகள் கிழக்கு ஆனதற்குக் காரணம் எளியது: பெயர் வைத்தவர்கள் லண்டனிலிருந்து திசையை அளந்தார்கள். இந்தப் பெயரைச் சுற்றியுள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த ஊர்கள் பழக்கமானவை. அப்பாவோ அண்ணனோ அக்காவோ அங்கே உழைத்து அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடுகள் நம் ஊர்களில் நிறைய இருக்கின்றன. இவ்வளவு நெருக்கம் இருந்தும், அந்தப் பகுதியைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதச் சொன்னால் தடுமாறுகிறோம். துபாயை நாடு என்கிறோம். ஈரானியரை அரபியர் என்கிறோம். 'அராபிக் கன்ட்ரீஸ்' என்று எழுதிவிடுகிறோம். சாதாரண எழுத்துப் பிழையைவிட இவை பெரியவை. அங்கே வாழ்பவர்கள் யார் என்பதையே மாற்றிச் சொல்லிவிடுகின்றன. ஆகவே பெயரின் வரலாற்றை முதலில் பார்த்துவிட்டு, பிறகு அதைச் சரியாக எழுதும் முறைக்கு வருவோம்.

பெயர் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் ஆங்கிலேயர்கள் கிழக்கைத் தூரத்தை வைத்துப் பிரித்தார்கள். அருகில் இருந்த ஒட்டோமான் பேரரசின் நிலங்கள் 'நியர் ஈஸ்ட்'. அதில் ஐரோப்பாவின் பால்கன் பகுதியும் சேரும். தொலைவில் இருந்த சீனாவும் ஜப்பானும் 'ஃபார் ஈஸ்ட்'. இரண்டுக்கும் இடையில் இருந்த பரப்புக்கு நிலைத்த பெயர் இல்லை.

1902 செப்டம்பரில் லண்டனின் 'நேஷனல் ரிவ்யூ' இதழில் பாரசீக வளைகுடாவைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஆல்ஃபிரட் தேயர் மஹான், அமெரிக்கக் கடற்படை அதிகாரி, கடற்போர் வரலாற்றாசிரியர். வளைகுடாவைச் சூழ்ந்த பகுதியை அவர் அதில் 'மிடில் ஈஸ்ட்' என்று குறித்தார். அவருக்கு முன்பும் அந்தச் சொல் ஆங்காங்கே தலைகாட்டியிருக்கிறது. பரவியது அவருக்குப் பிறகுதான். அதே ஆண்டில் 'தி டைம்ஸ்' நாளிதழைச் சேர்ந்த வாலன்டைன் சிரோல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரைத் தொடரே எழுதினார். 1903இல் அது நூலாகவும் வந்தது. சிரோலின் கையில் எல்லை இன்னும் விரிந்தது. பாரசீகம், ஆப்கானிஸ்தான், திபெத் என்று இந்தியாவுக்குள் நுழையும் வழிகள் எல்லாம் அவருக்கு 'மிடில் ஈஸ்ட்'தான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இவர்கள் கவலைப்பட்டது அரபு நாடுகளைப் பற்றி அல்ல, இந்தியாவைப் பற்றி. ரஷ்யா தெற்கே இறங்கி, பிரிட்டனின் இந்திய ஆட்சிக்கு ஆபத்தாகிவிடுமோ என்ற அச்சத்தில் உருவான பெயர் இது. இன்று அந்தப் பட்டியலில் திபெத் இல்லை, ஆப்கானிஸ்தானும் பெரும்பாலும் இல்லை. ஆனால் இந்தியாவுக்குப் போகும் வழி என்ற எண்ணம்தான் பெயரின் வேர்.

அந்த வேர் காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. வளைகுடாக் கரையில் பிரிட்டனின் பிரதிநிதி ஈரானின் புஷேர் துறைமுகத்தில் அமர்ந்திருந்தார். அவருக்கு உத்தரவு வந்தது பிரிட்டிஷ் இந்திய அரசிடமிருந்து. ஏமனின் ஏடன் துறைமுகம் நெடுங்காலம் பம்பாய் மாகாணத்தின் நிர்வாகத்தில் இருந்தது. குவைத், பஹ்ரைன், கத்தார், ஓமன், இன்றைய அமீரகம் ஆகிய இடங்களின் கடைத்தெருக்களில் புழங்கியது இந்திய ரூபாய். சுதந்திரத்துக்குப் பிறகும் அது தொடர்ந்தது. தங்கக் கடத்தலால் அந்நியச் செலாவணி கரைவதைத் தடுக்க, 1959இல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டை வெளியிட்டது. குவைத் 1961இலும் பஹ்ரைன் 1965இலும் சொந்த தினாருக்கு மாறின. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது கத்தாரும் இன்றைய அமீரகப் பகுதிகளும் அதைக் கைவிட்டன. ஓமன் மட்டும் 1970 வரை வைத்திருந்தது. வளைகுடாவுக்கும் நமக்கும் உள்ள உறவு எண்ணெய்க்குப் பிறகு வந்தது என்று நினைப்பவர்கள் இந்த ரூபாயின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசு உடைந்ததும் 'நியர் ஈஸ்ட்' என்ற சொல் தன் பொருளை இழந்தது. 1921இல் வின்ஸ்டன் சர்ச்சில், குடியேற்ற நாடுகளுக்கான தம் அமைச்சகத்தில் 'மிடில் ஈஸ்ட்' துறை ஒன்றை ஏற்படுத்தினார். பாலஸ்தீனம், டிரான்ஸ்ஜோர்டான், இராக் ஆகியவை அதன் பொறுப்பில் வந்தன. பெயர் இப்படி மேற்கு நோக்கி நகர்ந்தது. 1939இல் பிரிட்டன் தன் 'மிடில் ஈஸ்ட்' படைத் தலைமையகத்தைக் கெய்ரோவில் அமைத்தது. ஆப்பிரிக்காவில் உள்ள எகிப்து அன்றுமுதல் அந்தப் பகுதியின் மையம்போல ஆகிவிட்டது. போர்ச் செய்திகள் உலகெங்கும் அதே பெயரைக் கொண்டுசென்றதால், அது நிலைத்தும்விட்டது.

பழைய பெயர் முழுதாக மறைந்துவிடவில்லை. தொல்லியல் அறிஞர்கள் சுமேரியாவையும் பாபிலோனையும் பற்றி எழுதும்போது இன்றும் 'ஏன்ஷியன்ட் நியர் ஈஸ்ட்' என்றே எழுதுகிறார்கள். அமெரிக்க வெளியுறவுத் துறையில் இப்பகுதியைக் கவனிக்கும் பிரிவின் பெயரில் 'நியர் ஈஸ்டர்ன்' உண்டு. பாலஸ்தீன அகதிகளுக்காக 1949இல் தொடங்கப்பட்ட ஐ.நா. அமைப்பின் முழுப் பெயரும் 'இன் தி நியர் ஈஸ்ட்' என்றுதான் முடிகிறது. பழங்கால வரலாறு, இத்தகைய அதிகாரப்பூர்வப் பெயர்கள் தவிர வேறெங்கும் நாம் அந்தச் சொல்லை எழுத வேண்டியதில்லை.

எந்தெந்த நாடுகள்?

இதற்கு ஒரே விடை கிடையாது. எந்த உலக அமைப்பும் 'மிடில் ஈஸ்ட்' எல்லையை எல்லோரும் ஏற்கும்படி வரைந்துவிடவில்லை. 1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை 'நியர் ஈஸ்ட்', 'மிடில் ஈஸ்ட்' இரண்டும் ஒன்றே என்று விளக்கியபோது, அதில் எகிப்து, சிரியா, இஸ்ரேல், லெபனான், ஜோர்டான், இராக், சவூதி அரேபியா, குவைத், பஹ்ரைன், கத்தார் ஆகியவை மட்டுமே இருந்தன. ஈரான் இல்லை, துருக்கி இல்லை, ஓமனும் இல்லை. இன்று ஈரானை விட்டுவிட்டு யாரும் இந்தப் பகுதியைப் பற்றிப் பேச முடியாது.

நடைமுறையில் இப்படி வைத்துக்கொள்ளலாம். சவூதி அரேபியா, ஏமன், ஓமன், ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், பஹ்ரைன், குவைத், இராக், சிரியா, லெபனான், ஜோர்டான், இஸ்ரேல், பாலஸ்தீனப் பகுதிகள் ஆகியவை எவர் பட்டியலிலும் இருக்கும். ஈரானும் எகிப்தும் ஏறக்குறைய எப்போதும் இருக்கும். துருக்கி பல பட்டியல்களில் உண்டு. சைப்ரஸ் சிலவற்றில் மட்டும். லிபியா, சூடான் போன்றவை எழுதுபவரைப் பொறுத்தவை. மொராக்கோ வரை நீட்ட வேண்டுமானால் 'மிடில் ஈஸ்ட் அண்ட் நார்த் ஆஃப்ரிகா' என்று எழுதுவார்கள். அதைச் சுருக்கி 'மெனா' என்பதும் உண்டு. மொராக்கோவைத் தனியே 'மிடில் ஈஸ்ட்' நாடு என்பது எனக்குச் சற்றும் ஒப்பவில்லை. அந்த நாடு முழுவதும் லண்டனுக்கே மேற்கில் இருக்கிறது.

இந்த நெகிழ்வினால் எழுதுபவருக்கு ஒரு கடமை வருகிறது. பள்ளிக் கட்டுரையோ ஆய்வேடோ அலுவலக அறிக்கையோ, 'மிடில் ஈஸ்ட்' என்று எழுதினால் முதல் பத்தியிலேயே எந்த நாடுகளைச் சொல்கிறோம் என்று ஒரு வரி சேர்த்துவிட வேண்டும். இல்லையென்றால் மக்கள்தொகை, எண்ணெய் உற்பத்தி, கல்வியறிவு என்று நாம் கொடுக்கும் எந்த எண்ணும் சரியா தவறா என்று படிப்பவரால் சோதிக்க முடியாது. எகிப்தில் மட்டும் பத்துக் கோடிக்கு மேல் மக்கள் வாழ்கிறார்கள். அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதிலேயே மொத்தக் கணக்கு மாறிவிடும்.

இன்னொரு குழப்பம் தமிழுக்கே உரியது. 'மத்திய ஆசியா' என்பது வேறு இடம். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய ஐந்தும் அதில் அடங்கும். ஆங்கிலத்தில் 'சென்ட்ரல் ஏஷியா'. 'மத்திய கிழக்கு' என்பதையும் இதையும் 'மத்திய' என்ற சொல் ஒன்றுபோல் காட்டுவதால் தேர்வுத் தாள்களில் இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

இந்தியா சொல்லும் பெயர்

சுதந்திர இந்தியா லண்டனின் திசைகாட்டியை ஏற்கவில்லை. நேரு 'மேற்கு ஆசியா' என்று எழுதினார். வெளியுறவு அமைச்சகத்தில் 'வெஸ்ட் ஏஷியா அண்ட் நார்த் ஆஃப்ரிகா' என்ற பிரிவும், வளைகுடாவுக்கெனத் தனிப் பிரிவும் உண்டு. 'தி இந்து' போன்ற நாளிதழ்களும் 'வெஸ்ட் ஏஷியா' என்று எழுதுவதையே வழக்கமாகக் கொண்டிருக்கின்றன. தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'மேற்கு ஆசியா', 'மத்திய கிழக்கு' இரண்டும் வருகின்றன. இலங்கைத் தமிழில் 'மத்திய கிழக்கு' நன்றாக வேரூன்றிவிட்டது. அங்கே பணிப்பெண்களாகச் சென்றவர்களைப் பற்றிய செய்திகள் எல்லாம் 'மத்திய கிழக்கு நாடுகள்' என்றே எழுதப்படுகின்றன.

என் விருப்பம் 'மேற்கு ஆசியா'. ஒரு கண்டத்தின் மேற்குப் பகுதி என்பது எங்கே நின்று பார்த்தாலும் மாறாத உண்மை. யாருடைய தலைநகரையும் அது மையமாக வைக்கவில்லை. இந்தியாவிலிருந்து இந்திய வாசகருக்கு ஆங்கிலத்தில் எழுதினால் 'வெஸ்ட் ஏஷியா' என்றே எழுதுங்கள்.

ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. எகிப்து ஆப்பிரிக்க நாடு. அதன் சினாய் தீபகற்பம் மட்டுமே ஆசியாவில் இருக்கிறது. 'மிடில் ஈஸ்ட்' என்று இருந்த இடத்தில் 'வெஸ்ட் ஏஷியா' என்று மாற்றினால் எகிப்து நழுவிவிடும். அதனால்தான் அமைச்சகம் வட ஆப்பிரிக்காவையும் பெயரில் சேர்த்திருக்கிறது. ஐ.நா. புள்ளியியல் பிரிவின் வகைப்பாடு இன்னும் வேறு மாதிரி. அது 'வெஸ்டர்ன் ஏஷியா' என்று எழுதுகிறது. அதில் துருக்கி, சைப்ரஸோடு ஜார்ஜியா, அர்மீனியா, அஜர்பைஜான் ஆகியவையும் இருக்கின்றன. ஈரானையோ அது இந்தியா, இலங்கை, பாகிஸ்தானோடு தெற்கு ஆசியாவில் வைத்திருக்கிறது. ஐ.நா. அட்டவணையிலிருந்து எண்களை எடுத்து 'மிடில் ஈஸ்ட்' என்று தலைப்பிடும் மாணவர்கள் ஈரானைத் தொலைத்துவிட்டு அர்மீனியாவைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

'மிடில் ஈஸ்ட்' காலனியப் பெயர் என்பதால் அதை எழுதுவதே அவமதிப்பு என்று சிலர் கருதுகிறார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். அந்த மக்களே அதைத் தங்கள் மொழிகளில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். 1978இல் தொடங்கிய 'அஷ்ஷர்க் அல்அவ்ஸத்' என்ற அரபு நாளிதழின் பெயருக்குப் பொருள் மத்திய கிழக்கு என்பதுதான். அங்காராவில் 1956இல் நிறுவப்பட்ட புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அதே பெயரைத் தாங்கியிருக்கிறது. அமெரிக்காவில் வாழும் அப்பகுதி வம்சாவளியினர் பல்லாண்டுகள் கேட்ட பிறகு, 2024இல் அரசின் இன வகைப்பாட்டில் 'மிடில் ஈஸ்டர்ன் ஆர் நார்த் ஆஃப்ரிகன்' என்ற தனிப் பிரிவு சேர்க்கப்பட்டது. அவர்கள் வேண்டிப் பெற்ற பெயரை நாம் பழிக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு வாசகருக்கு எழுதும்போது அதுவே எளிதில் புரியும் பெயரும்கூட.

ஆங்கிலத்தில் எழுதும்போது

முதலில் 'தி'. 'மிடில் ஈஸ்ட்' என்பதற்கு முன்னால் அது கட்டாயம். 'ஹி லிவ்ஸ் இன் தி மிடில் ஈஸ்ட்' என்பதே சரி. 'வெஸ்ட் ஏஷியா', 'சவுத் ஏஷியா' ஆகியவற்றுக்கு 'தி' கிடையாது. காரணத்தைப் புரிந்துகொண்டால் மனப்பாடம் செய்ய வேண்டாம். கண்டத்தின் பெயர் ஏற்கெனவே தனிப்பெயர். அதற்கு முன்னால் திசை ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அது தனிப்பெயராகவே இருக்கிறது. 'ஈஸ்ட்', 'கல்ஃப்' போன்றவை பொதுச்சொற்கள். எந்தக் கிழக்கு, எந்த வளைகுடா என்று சுட்ட 'தி' தேவைப்படுகிறது. நாம் மிக அதிகமாகத் தவறுவது 'கல்ஃப்' என்ற சொல்லில்தான். 'மை பிரதர் ஒர்க்ஸ் இன் கல்ஃப்' என்பது தமிழ் வாக்கியத்தின் நேர் நிழல். 'இன் தி கல்ஃப்' என்று இருக்க வேண்டும். ஆனால் 'கல்ஃப் கன்ட்ரீஸ்' என்று பொதுவாகச் சொல்லும்போது 'தி' இல்லாமலும் வரலாம். அங்கே 'கல்ஃப்' அடைமொழி. 'தி யுஏஇ' என்பதற்கும் 'தி' உண்டு, 'எமிரேட்ஸ்' பொதுச்சொல் என்பதால். சவூதி அரேபியா, கத்தார், ஓமன், குவைத்துக்கு இல்லை. பழைய ஆங்கில நூல்களில் 'தி லெபனான்', 'தி ஏமன்' என்று பார்க்கலாம். இன்று அப்படி எழுதுவது வழக்கொழிந்துவிட்டது.

'மிடில்', 'ஈஸ்ட்' இரு சொற்களுக்கும் முதல் எழுத்து பெரிய எழுத்து. இடையில் சிறுகோடு வேண்டாம். பெயரடை 'மிடில் ஈஸ்டர்ன்': 'மிடில் ஈஸ்டர்ன் ஃபுட்', 'மிடில் ஈஸ்டர்ன் ஹிஸ்டரி'. செய்தித் தலைப்புகளில் 'மிடில் ஈஸ்ட் பீஸ் டாக்ஸ்' என்று பெயர்ச்சொல்லே அடைமொழியாக வருவதும் தவறல்ல. 'மிட்ஈஸ்ட்' என்ற சுருக்கம் அமெரிக்கத் தலைப்புகளுக்கு உரியது. கட்டுரைக்குள் அதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது மனதில் பதிய வேண்டியது: 'மிடில் ஈஸ்ட்', அரபு உலகம், முஸ்லிம் உலகம் மூன்றும் வேறு வேறு. அரபு லீக்கில் 22 உறுப்பினர்கள். அவர்களில் மொரிட்டானியாவும் சோமாலியாவும் கொமொரோஸ் தீவுகளும் உண்டு. அவற்றை யாரும் 'மிடில் ஈஸ்ட்' என்பதில்லை. மறுபக்கம், அந்தப் பகுதியின் மிகப் பெரிய நாடுகளில் இரண்டு, ஈரானும் துருக்கியும், அரபு நாடுகள் அல்ல. ஈரானின் ஆட்சிமொழி பாரசீகம்; துருக்கியில் துருக்கி மொழி. இஸ்ரேலில் எபிரேயம். இராக், சிரியா, துருக்கி, ஈரான் நான்கிலும் பரவி வாழும் குர்துகளுக்குச் சொந்த மொழி இருக்கிறது. உலகிலேயே அதிக முஸ்லிம்கள் வாழும் நாடுகள் இந்தோனேசியாவும் பாகிஸ்தானும்; இரண்டும் இந்தப் பகுதியில் இல்லை. லெபனானிலும் எகிப்திலும் மிகப் பழைய கிறிஸ்தவச் சமூகங்கள் வாழ்கின்றன. ஓர் ஈரானியரை அரபியர் என்று அழைத்தால், அவர் பண்போடு திருத்தினாலும் உள்ளுக்குள் வருந்துவார். தமிழரை இந்தி பேசுபவர் என்று எடுத்துக்கொள்ளும்போது நமக்கு என்ன தோன்றுமோ அதுதான்.

'அரப்', 'அராபிக்', 'அரேபியன்' மூன்றையும் பிரித்தறிவது கடினமல்ல. மக்களுக்கும் நாடுகளுக்கும் பண்பாட்டுக்கும் 'அரப்'. மொழிக்கும் எழுத்துக்கும் 'அராபிக்'. நிலத்துக்கும் கடலுக்கும் 'அரேபியன்': அரேபியன் சீ, அரேபியன் பெனின்சுலா. 'அராபிக் கன்ட்ரீஸ்', 'அராபிக் பீப்பிள்' என்று எழுதுவது நம்மிடையே மிகப் பரவலான தவறு. 'அரப் கன்ட்ரீஸ்' என்று மாற்றினால் போதும்.

ஒரு நாட்டவரைச் சொல்ல நேர்ந்தால் பகுதியின் பெயரை விட்டு நாட்டின் பெயரைச் சொல்வதே மரியாதை. இராக்கி, குவைத்தி, ஓமானி, ஏமனி, கத்தாரி, பஹ்ரைனி, சவூதி, எமிராத்தி, இஸ்ரேலி எல்லாம் 'இ' ஒலியில் முடிகின்றன. ஈரானியன், எகிப்தியன், ஜோர்டானியன், சிரியன், லெபனீஸ், டர்கிஷ் ஆகியவை வேறு வகை. துபாய்க்காரர் என்றாலும் குடியுரிமையில் அவர் எமிராத்திதான். 1971 டிசம்பர் 2இல் பிறந்த கூட்டாட்சியில் உள்ள ஏழு அமீரகங்களில் ஒன்று துபாய், தலைநகர் அபுதாபி. அதேபோல் மஸ்கட் ஓமனின் தலைநகர். விண்ணப்பப் படிவத்தில் 'நாடு' என்ற கட்டத்தில் துபாய் என்றோ மஸ்கட் என்றோ எழுதக் கூடாது.

வளைகுடாவின் பெயரில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. வரைபடங்களிலும் ஐ.நா. ஆவணங்களிலும் அது 'பெர்ஷியன் கல்ஃப்'. எதிர்க்கரையில் உள்ள அரபு நாடுகள் 'அரேபியன் கல்ஃப்' என்கின்றன. ஈரானின் முதல்நிலைக் கால்பந்து லீக் முன்னதைப் பெயரில் வைத்திருக்கிறது. எதிர்க்கரை நாடுகள் ஆடும் கோப்பைப் போட்டி பின்னதை. அலுவலகக் கடிதத்தில் இரு தரப்புக்கும் பொருந்த 'தி கல்ஃப்' என்று எழுதுவது நன்று. புவியியல் கட்டுரையில் 'பெர்ஷியன் கல்ஃப்' என்றே எழுதலாம். அமெரிக்கருக்கு எழுதும்போது கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு 'தி கல்ஃப்' என்றால் மெக்சிகோ வளைகுடா நினைவுக்கு வரும். நம் ராமநாதபுரம், தூத்துக்குடி மீனவர்களுக்கு வளைகுடா என்றால் மன்னார்தான்.

'வளைகுடா நாடுகள்' என்ற தமிழ்த் தொடரும் அளவோடு கையாளப்பட வேண்டியது. கரையைப் பார்த்தால் எட்டு நாடுகள்: ஈரான், இராக், குவைத், சவூதி அரேபியா, பஹ்ரைன், கத்தார், அமீரகம், ஓமன். வேலைவாய்ப்புப் பேச்சில் நாம் குறிப்பிடுவது ஆறை மட்டுமே. ஈரானும் இராக்கும் அதில் சேர்வதில்லை. ஜோர்டானும் லெபனானும் இஸ்ரேலும் எந்தக் கணக்கிலும் வளைகுடா நாடுகள் அல்ல. காசாவில் நடப்பதை 'வளைகுடாப் போர்' என்று எழுதினால் அது தகவல் பிழை.

அந்த ஆறு நாடுகளும் 1981இல் அமைத்த வளைகுடா ஒத்துழைப்புக் குழுமத்தைத்தான் வேலை விளம்பரங்கள் 'ஜிசிசி' என்று சுருக்குகின்றன. 'ஜிசிசி எக்ஸ்பீரியன்ஸ்' கேட்கும் நிறுவனம் அந்த ஆறில் ஒன்றில் வேலை பார்த்த அனுபவத்தை எதிர்பார்க்கிறது. ஜோர்டானிலோ எகிப்திலோ வேலை பார்த்திருந்தால் அது அதில் சேராது. சென்னையிலோ அதே மூன்று எழுத்துகள் மாநகராட்சியையும் குறிக்கும், பன்னாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் திறன் மையங்களையும் குறிக்கும். தன்விவரக் குறிப்பில் எழுதுபவர்கள் முதல் முறை விரித்து எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் எந்த நாடு, எந்த ஊர் என்றும் சேர்த்துவிட வேண்டும்.